முகம் சேர்க்காமல் சொன்ன வசனம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீ அனுப்பிய ஒப்புதல் படிவம் புதன்கிழமை மடங்காமல் கசங்காமல் வந்து சேர்ந்தது. அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் அப்படியே இருக்க வேண்டும்.

படிவத்தில் அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குக் காரணம் நான்தான். ஒளிக்காமல் எழுதுகிறேன், ஓய்வாக இருக்கும்போது படி.

புதன்கிழமை உன் கடிதத்தை அம்மாவுக்குக் கையால், சைகையில் சொன்னேன். காது கேளாத பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளியில் உன்னை நிரந்தர ஊழியத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், பெற்றோரின் கையெழுத்து முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்ட கேள்விகள் இரண்டுதான். அங்கே வெந்நீர் கிடைக்கிறதா, உனக்குத் தனி அறை உண்டா. பிறகு பேனா கேட்டாள். என் பேனா கக்கியது. இந்த மாதிரி காகிதத்தில் மை சிந்தக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவின் பேனாவில் போடுகிறேன் என்று சொல்லிப் படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். நான் அன்றைக்கே பக்கத்து வீட்டில் ஒரு பேனா வாங்கி வந்திருக்கலாம். தோன்றவில்லை.

நீ போனதிலிருந்து பிரசங்கத்தைக் கையால் சொல்வது என் வேலை என்று உனக்குத் தெரியும். இரண்டாவது பெஞ்சுக்கு எதிரே, ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். என் முன்னால் அம்மா, தையல் மாமா, பேக்கரி அத்தை என்று நம் சபையில் காது கேளாத மூன்று பேரும். ஒரு உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அந்த இடத்தில் நின்ற நாட்களில் நான் மடியில் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு, நீ எத்தனை வார்த்தைகளை விட்டுவிடுகிறாய் என்று எண்ணுவேன். அக்கா சோம்பேறித்தனமாகச் சுருக்குகிறாள் என்று நினைப்பேன். என் முறை வந்தபோது ஒரு வார்த்தையும் விடக் கூடாது என்று முடிவு செய்தேன். வேத வார்த்தை என்பதால் முகத்தையும் அடக்கமாக, ஆடாமல் அசையாமல் வைத்துக்கொள்வேன்.

அதனால் முன்பே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். காது உள்ளவன் கேட்கட்டும் என்று வரும் இடத்தை அப்படியே சொன்னேன். தையல் மாமா உடனே எழுந்து, நமக்கு இல்லையாம், வாங்க டீ குடிக்கப் போகலாம் என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை சிரித்த சத்தத்தில் போதகர் ஐயா பிரசங்கத்தையே நிறுத்திவிட்டார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. மாமா குறும்பு செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை லூக்காவில், பின்னால் வருகிறவன் தகப்பனையும் தாயையும் கூடப்பிறந்தவர்களையும் வெறுக்காவிட்டால் சீஷனாக முடியாது என்று இயேசு சொல்லும் இடத்தை வாசித்தார்கள். தகப்பன் என்றேன், தாய் என்றேன். பிறகு வெறுப்பு. நெஞ்சிலிருந்து பிடுங்கி எடுத்து விரல்களை உதறிவிடுவோமே, அந்தச் சைகை. அம்மாவுக்கு நேர் எதிரில் நின்று, அடக்கமான முகத்தோடு உதறினேன். போதகர் ஐயா அந்த வசனத்துக்கு விளக்கமே சொல்லவில்லை. அடுத்தாற்போல் வரும் கோபுரம் கட்டுகிறவன் கதைக்குப் போய்விட்டார். அதன் பிறகு முக்கால் மணி நேரமும் கோபுரம்தான். அம்மா கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனை முடிந்து போதகர் ஐயா பேனாவைத் திறந்து நீட்டினார். அம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் படிவத்தைத் தையல் மெஷின் இழுப்பறையில், பொத்தான் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவள் போனதற்குக் காரணம் இதுதானா, புத்தகத்திலேயே எழுதியிருக்கிறதா, இதை இத்தனை நாள் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றாள். என்னை வெறுக்கச் சொல்கிற வேலைக்கு நானே கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டாள்.

அப்படி இல்லை என்று மட்டும் சொன்னேன். வேறு எப்படி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வசனம் வந்தால் நீ எப்படிச் சொல்வாய்? இன்று தேதி ஒன்பது. சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
வார்த்தை விடாத உன் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

பதினேழாம் தேதி காலையில் எழுதுகிறேன். உன் பதில் வந்தது. நான்கு வரிதான் என்றாலும் ஒரு வரிகூட வீணில்லை. மத்தேயுவில் இதே பேச்சு வேறு விதமாக இருக்கிறது, தாய் தகப்பனை என்னைவிட அதிகமாக நேசிக்கிறவன் என்றுதான் அங்கே வரும், இரண்டையும் சேர்த்துப் பார் என்று எழுதியிருந்தாய். லூக்காவின் வசனத்துக்கு வெறுப்பு என்ற சைகையை நீ போட்டதே இல்லை, இரண்டு கைகளையும் தராசுத் தட்டுகளாக வைத்து ஒன்றை உயர்த்திக் காட்டுவாய் என்றும் எழுதியிருந்தாய். இதைத்தான் நான் சோம்பேறித்தனம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு.

போதகர் ஐயாவையும் போய்ப் பார்த்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அடடா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும்மா, கோபுரத்து மேல ஏறிட்டேன் இறங்கவே இல்லை என்றார். வேதகாலத்து ஜனங்களின் பேச்சில் ஒன்றைவிட இன்னொன்றைக் குறைவாக நேசிப்பதையே வெறுப்பது என்று சொல்கிற வழக்கம் உண்டாம். யாக்கோபின் இரண்டு மனைவிகள் கதையிலும் அப்படித்தானாம். இளையவளை அதிகமாக நேசித்தான் என்று ஒரு வசனம் சொல்கிறது. மூத்தவள் வெறுக்கப்பட்டாள் என்று அடுத்த வசனத்தின் மூலத்தில் இருக்கிறதாம். உன் கண்ணில் உத்திரம் கிடக்கிறது என்று இயேசு சொன்னால் தச்சரையா கூப்பிடுவோம் என்று கேட்டார். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் அம்மாவை உட்காரவைத்து அந்த நோட்டில் இருந்ததை வரிசையாகச் சொன்னேன். இரண்டு சுவிசேஷம், தராசு, யாக்கோபு, அவன் மாமனார் பெண்ணை மாற்றிக் கொடுத்த மோசடி எல்லாம் சொன்னேன். அம்மா கடைசிவரை பொறுமையாகப் பார்த்தாள். முடித்ததும், முடிந்ததா, குழாயைத் திறந்துவிட்டு வந்திருக்கிறாய், தண்ணீர் உன் காலுக்கு வந்துவிட்டது, காது கேட்கிறவள் நீதானே என்றாள். இரண்டு பேரும் தரையைத் துடைத்தோம். படிவம் இழுப்பறையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்டு அம்மா வேலை செய்யும் சீருடைத் தையலகத்துக்குப் போனேன். காலர்களுக்கு இஸ்திரி போட்டுக்கொடு என்றாள். நான் யோசனையில் ஒரு காலரைப் பழுப்பாக்கிவிட்டேன். அம்மா பொரிந்து தள்ளினாள். நீ என் வயிற்றில் பிறந்தவளே இல்லை, உன்னைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து வந்தேன், கையை முறித்து அடுப்பில் வைக்கப் போகிறேன் என்றாள். அடுத்த மெஷினில் தையல் மாமா, அடுப்புக்கு விறகு நான் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. இப்போது நீ சொன்னதையெல்லாம் எழுதிவைத்து, நூறு வருஷம் கழித்து உன்னை அறியாத ஒருத்தி வாசித்தால் உன்னை என்னவென்று நினைப்பாள் என்று அம்மாவிடம் கேட்டேன். ராட்சசி என்று நினைப்பாள் என்றார் மாமா. இயேசுவும் அப்படித்தான் அழுத்திச் சொன்னார், கேட்டவர்களுக்குப் புரிந்தது, நான்தான் எழுத்தைப் பிடித்துக்கொண்டேன் என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். காலரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். பேச்சை ஊதிச் சொல்வது எனக்குத் தெரியாதா, நாள் முழுக்க நாங்கள் அப்படித்தானே பேசுகிறோம். கையை முறிப்பேன் என்று நான் சொன்னபோது என் புருவத்தைப் பார்த்தாயா, உதட்டைப் பார்த்தாயா? கை ஒன்றைச் சொல்லும், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முகம்தான் சொல்லும். நீ அன்றைக்குத் தாயை வெறு என்று சொன்னபோது உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாவிட்டால் அது கட்டளை. உன் அக்கா சொன்னால் இயேசு கோபமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியும். உன்னிடம் வசனம் மட்டும்தான் வருகிறது, சொன்னவர் வருவதில்லை.

அக்கா, இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன் என்று பெருமைப்பட்டேன். பாதியை விட்டிருக்கிறேன்.

இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து, வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். போதகர் ஐயாவின் பேனாவையும் கடன் வாங்கி வந்திருந்தேன். அம்மா பேனாவை மூடிவைத்தாள். அவள் சொன்னதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

வேதம் சொல்லித்தான் அவள் என்னை விட்டுப் போனாள் என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, கடவுளோடு நான் சண்டைக்குப் போக முடியுமா என்றாள். இப்போது அது அப்படி இல்லை என்று நீயே காட்டிவிட்டாய், அப்படியானால் இரண்டு வருஷமாக அவள் ஒரு விடுமுறைக்குக்கூட வராததற்கு யார் காரணம் என்று கேட்டாள்.

பிறகு நீ போன நாளைப் பற்றி அவளே பேச்செடுத்தாள். நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று அம்மாவிடம் எதையோ சொல்ல ஆரம்பித்தாயே, அம்மா கண்ணை மூடிக்கொண்டாளே. நம் வீட்டில் அதற்குமேல் பேச்சு இல்லை என்று அர்த்தம். நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நானும் இத்தனை நாள் அம்மா உன்னைத் துரத்திவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். போகாதே என்றுதான் கண்ணை மூடினேன், அவளுக்குப் போ என்று புரிந்திருக்கிறது என்றாள் அம்மா. இரண்டு வருஷமாக அவள் வாயையோ கையையோ விட்டு வராத பேச்சு இது.

இன்னும் ஒன்று சொன்னாள். ஊழியத்துக்கு நான் தடையில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு அவள் வேண்டும், என் கையெழுத்து வேண்டுமென்றால் என் எதிரில் நின்று கேட்கட்டும், தபாலில் கேட்டால் போட மாட்டேன். இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி உங்கள் பள்ளிக்கு நான்கு நாள் விடுமுறை என்று நீ முன்பு எழுதியிருந்தாய். காலை பஸ் பிடித்தால் மாலைக்குள் வந்துவிடலாம். படிவத்தை நீயே கையில் எடுத்துக்கொண்டு போனால் முப்பதுக்கு முன்னால் தாராளமாகச் சேரும். பஸ் நேரங்களைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

உன் கடிதங்களை இதுவரை நான்தான் அம்மாவுக்குச் சொல்லி வந்தேன், அன்புள்ள அம்மா என்று நீ எழுதியதையும்கூட. அதை எந்த முகத்தோடு சொன்னேனோ, நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தில் அம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேள் என்றாள். அவ்வளவுதான். அதைக் கேட்டபோது அவள் முகம் இருந்த மாதிரியை எழுத மூன்று முறை முயன்று மூன்று முறையும் அடித்துவிட்டேன். எழுத்தில் வரவில்லை. நீ வந்து பார், அக்கா.

உன் வருகைக்காக ஜெபிக்கும்,
தங்கை