மறுபடி படித்த அறிக்கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். இதை முழுக்கப் படித்த பிறகும் அதை நீ நம்ப வேண்டும்.

பதினோரு வருடங்களுக்கு முன், தேசிய மரபணு ஆராய்ச்சித் திட்டத்துக்கு நான் ரத்தம் கொடுத்தபோது நீ கேட்டாய்: "போனவன் போயிட்டான். உன் ரத்தத்தை எடுத்து என்னக்கா கண்டுபிடிக்கப் போறாங்க?" நம் கடைசித் தம்பி சின்னவன் முப்பத்தாறு வயதில் நீச்சல் குளத்தில் சரிந்த வருடம் அது. பிறகு வந்த அறிக்கை கைவிரித்தது: இதயத் துடிப்புக்கான மரபணு ஒன்றில் மாற்றம் இருக்கிறது, பொருள் தெளிவில்லை. "பாத்தியா, அவங்களுக்கே புரியல" என்று சிரித்தாய். நானும்தான் சிரித்தேன்.

திட்டம் ஐந்தாம் வருடத்தோடு முடிந்தது. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றிவிட்டார்கள். ஆனால் நம் ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையை ஒட்டி, உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்களே, அந்த அறை மரபணு ஆலோசனை அறையாக நிலைத்துவிட்டது. அன்று எனக்கு ஊசி போடத் தடுமாறிய நர்ஸ், அந்தத் திட்டத்திலேயே பயிற்சி பெற்று இப்போது அங்கே ஆலோசகர். ஒரு வழக்கமும் தங்கிவிட்டது. பொருள் விளங்காத பழைய அறிக்கைகளை வருடத்துக்கு ஒரு முறை எடுத்து மறுபடி படிக்கிறார்கள்.

முப்பத்துமூன்று வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். மதிப்பெண் போட்ட தாளை யாரும் கேட்காமல் திரும்ப எடுத்துப் பார்த்ததே இல்லை. இவர்கள் பார்க்கிறார்கள்.

போன மாதம் அந்த ஆலோசகர் பெண் போன் செய்தாள். "டீச்சர், உங்க பழைய ரிப்போர்ட்டை மறுபடி படிச்சோம்." "மார்க் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?" என்று கேட்டேன். "முதல்ல நேர்ல வாங்க. படியேற வேணாம், லிஃப்ட்ல வாங்க" என்றாள்.

இதே மாற்றம் வேறு பல குடும்பங்களிலும் தென்பட்டதாம். அங்கெல்லாம் யாரோ ஒருவர் திடீரென்று போயிருக்கிறார். இதயத் துடிப்பைத் திடீரென்று நிறுத்தக்கூடிய மாற்றம் அது, சின்னவனைக் கொண்டுபோனதும் அதுவாகத்தான் இருக்கும் என்கிறார்கள். எனக்குத் தினமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். சின்னவன் இருந்தபோதும் அந்த மாத்திரை கடைகளில் கிடைத்ததாம். அதைக் கேட்டு அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் நம்மை மறக்காமல் வைத்திருந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல் எழுந்து வந்தேன்.

உனக்கும் அந்த மாற்றம் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுபோல. உன்னிடம் இல்லையென்றால், உன் வழியாகப் பிள்ளைகளுக்கும் வராது. இருந்தால் அவர்களையும் பார்க்க வேண்டும். உன் பெரியவள் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்த படம் அனுப்பியிருந்தாய். என்ன அழகாக ஓடுகிறாள்! உன் பரிசோதனை முடிவு தெரியும்வரை அவளை ஓட விடாதே. திட்டுவாள், பழியை அத்தை மேல் போடு.

என் அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஊர் இதய மருத்துவரிடம் காட்டினால் போதும், அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடுவார்கள். இந்த ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறுகூட வேண்டாமாம்.

நூறு வயதுவரை நீ என்னோடு சண்டை போட வேண்டும். இது கையில் கிடைத்த மறுநாள் காலை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போய்க் கையை நீட்டு.

உன் அக்கா