இரண்டாவது மைக் செட்

ஆம்ப்ளிஃபையர் சூடேறும்போது தூசி கருகும் வாசனை வருமே, இன்று மாலை பத்தாங் காலி மண்டபத்தில் அது மூக்கில் ஏறியதும் நினைவில் நீதான் வந்து நின்றாய். மேடையில் ஒரு முன்னாள் ஒய்.பி. பேசக் காத்திருந்தார். போன தேர்தலில் நாடாளுமன்ற சீட்டைப் பறிகொடுத்தவர். தோற்ற மறுநாளே நீதிமன்றத்தின் சுதந்திரத்தின் மேல் காதல் வந்துவிட்டதாம். இந்த ரகம் நமக்குப் புதிதா?

எண்பதுகளில் நம் தொகுதிக்கும் ஒருவர் இருந்தார். அப்போது கோலசிலாங்கூர் தோட்டங்களில் கல்யாணமோ திருவிழாவோ, உன் மைக் செட்தான். நீ வேன் ஓட்டுவாய். நான் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவேன். தோட்டத்தை விற்று, லயத்து வரிசை வீட்டுச் சனங்களை வெளியேறச் சொன்னபோது கோயில் திடலில் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்குப் போலீஸ் பெர்மிட் கிடைக்கவில்லை. போலீஸ் வந்து உன் மைக் செட்டை அள்ளிக்கொண்டு போனது. நாம் ஒய்.பி.யிடம் போய் நின்றோம். அவர் நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

“மேல அமைச்சர் முடிவு பண்ணிட்டா கோர்ட்டே கேள்வி கேக்க முடியாது லா. அந்தச் சட்டத்துக்கு நானே கை தூக்கினேன்.”

ஏதோ கோயில் கட்டிக் கொடுத்தவர் மாதிரிப் பெருமை வேறு. எதற்குத் தூக்குகிறோம் என்று படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அப்புறம் தோற்றார். மாலை போட்ட கூட்டம் காணாமல் போனது. ஒருநாள் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவரே வந்து நின்றார். அடேயப்பா, என்ன பணிவு!

“தம்பி, நாட்டுல எல்லா அதிகாரமும் ஒரே எடத்துக்குப் போயிடுச்சு. தட்டிக் கேக்க ஆளில்ல. ஞாயித்துக்கெழம திடல்ல பேசணும். பெர்மிட் தரமாட்டேங்கறானுங்க. மைக் குடுக்க எவனுக்கும் தைரியமில்ல.”

உன்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன். “குடுக்காதடா. மொத செட்டு போனப்ப பல் குத்திக்கிட்டு இருந்தவன். இதுவும் போச்சுன்னா சோத்துக்கு என்ன பண்ணுவ?” உன் மனைவியின் சங்கிலியை விற்று வாங்கிய செட் அது.

“அவரு சொல்றது சரிதான்டா. சொல்ற வாய்தான் சரியில்ல. அதுக்காக மைக்க மூடுனா, அன்னிக்கு நம்ம மைக்க மூடுனவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?” என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. இன்றும் முழுசாகத் தணியவில்லை.

எந்தக் கூட்டமானாலும் மைக்கைச் சோதிப்பது நீதான். வந்திருப்பவர்களை வம்புக்கு இழுத்துத்தான் சோதிப்பாய். அந்த ஞாயிறும் சனம் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தது.

“ஹலோ, மைக் டெஸ்டிங். இதுக்கு ஒரு அண்ணன் இருந்துச்சு. போலீஸ் ஸ்டேஷன்ல துருப்புடிச்சுக் கெடக்கு. அத எடுத்துட்டுப் போன சட்டத்துக்குக் கை தூக்கினவரு இப்ப பேசுவாரு. நல்ல விசயந்தான் பேசுவாரு, கேளுங்க.”

திடலே சிரித்தது. வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு அவர் எழுந்தார். ஆனால் நன்றாகப் பேசினார். அதுதான் எரிச்சல். கேள்வி கேட்க முடியாத அமைச்சர் ஒருவர் இருந்தால், மற்றவர்கள் எல்லாரும் கூலிகள்தான் என்றார். சனம் கை தட்டியது. நான் தட்டவில்லை.

பாதிப் பேச்சில் போலீஸ் வந்தது. பெர்மிட் எங்கே என்று அதிகாரி கேட்டதும், மைக்கை உன் கையில் திணித்துவிட்டார் நம் வீரர். “மைக் செட் இவரோடது. இவரக் கேளுங்க” என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அதிகாரத்தைத் தட்டிக் கேட்ட லட்சணம் அவ்வளவுதான்.

இரண்டாவது செட்டும் போயிற்று. ரவாங் தொழிற்சாலை வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலைக்கு நின்றாய், கண் மூடும் வரைக்கும். அவரோ அடுத்த தேர்தலுக்குள் மேலிடத்தோடு ராசியாகி வாயை மூடிக்கொண்டார். உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நீயோ, கொடுத்தது தப்பென்று ஒருநாளும் சொல்லவில்லை.

இன்று பத்தாங் காலியில் மைக் செட்டின் சுவிட்ச் என் கையில் இருந்தது. மேடையில் இருந்தவரைப் பார்த்ததும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகத்தான் தோன்றியது. நீ விடவில்லை. “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று தொடங்கி, உன் பெயரைச் சொன்னேன்.

மேடையில் இருந்த முன்னாள் ஒய்.பி. பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து, “யாரு அது?” என்று கேட்டது மைக்கிலேயே விழுந்தது.

“சொல்றேன் ஒய்.பி., ஒக்காந்து கேளுங்க” என்றேன், மைக்கை அணைக்காமல்.