கோழிக்காலும் முள்ளுக்கரண்டியும்

1987 மார்ச் 14, சனி. சான்ட்ரிங்ஹாம்.

யாரோ நாலு பேர் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று என் மகன் ஏன் இப்படித் தவிக்கிறான்? பல்கலைக்கழகத்தில் அவனுக்கு முதலாம் வருடம். நாளை மாணவர் சங்கமொன்றின் விருந்து. அதில் அவர்களுக்குப் பிடித்தவர்களை மட்டும்தான் சங்கத்தில் சேர்ப்பார்களாம். பின்னேரம் முழுக்க அவனுக்குக் கோழிக்காலைக் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் வெட்டப் பழக்கினேன். அது வழுக்கி வழுக்கி நிலத்தில் விழுந்தது. எனக்கு எரிச்சல்.

“கையாலை சாப்பிட்டா என்னம்மா?”

“கம்பஸ் விருந்தடா, கலியாணவீடில்லை. டையையும் கட்டு.”

“இஞ்சத்தை விருந்து நீங்கள் கண்டனீங்களே?”

இந்த நாட்டுக்கு வந்தபிறகு ஒன்றும் கண்டதில்லை. நான் படித்த காலத்துக் கொழும்பு விடுதி விருந்துதான் மனதில் இருந்தது.

ஞாயிறு: பூங்காவில் புல்லில் உட்கார்ந்து எல்லாரும் கையால் சாப்பிட்டார்களாம். இவன் டையோடு நின்று முள்ளுக்கரண்டி கேட்டானாம். சேர்க்கவில்லை.

“நீங்கள் சொன்னமாதிரித்தான் செய்தனான்” என்றான்.