அழிக்கக்கூடிய பொட்டு

அக்கா,

போன கிழமை யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடையொன்றில் என் மானம் போனது. கண்ணாடியில் பூசி, வேண்டாமென்றால் அழிக்கக்கூடிய கலர்ப் பேனை கேட்டேன். கடையில் நின்ற பெண், "சின்னப் பிள்ளைக்கோ ஐயா? எத்தினை வயசு?" என்றாள். "ஆறு" என்றேன். ஐம்பத்தெட்டைச் சொல்ல வாய் வரவில்லை.

எல்லாம் உங்களுக்காகத்தான். உங்களுடையதென்று இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்கு எடுத்தது. அதைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறோம். கறுப்பு வெள்ளைப் படம், வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. படம் எடுத்தவனோடு ஏதோ கோபம் போல இருக்கிறீர்கள்.

கண்ணாடிக்கு மேலே, சேலை தெரிகிற இடத்தில், கத்தரிப்பூ நிறம் தீட்டினேன். எட்டாம் வகுப்போடு சித்திரத்தைக் கைவிட்டவனின் கை. தோளைத் தாண்டி வழிந்தது. ஈரத் துணியால் துடைத்துத் திரும்பவும் தீட்டினேன். கடைசியில் நெற்றிக்கு நேரே ஒரு சிவப்புப் பொட்டு. என் வீரமெல்லாம் துடைத்தால் போகிற வகை என்பது உங்களுக்குத் தெரியும்.

அத்தான் செத்துப்போனபோது உங்களுக்கு முப்பத்தொன்று. அதன் பிறகு எங்களோடுதான் இருந்தீர்கள். என் மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது, தாயின் ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து உங்கள் நெற்றியில் ஒட்டிவிட்டாள். நீங்கள் அலுமாரிக் கண்ணாடியில் பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் என்று சொல்லமாட்டேன்; நீண்ட நேரம் பார்த்தீர்கள். பிறகு வாசலில் நின்ற என்னைக் கண்டதும் உரித்து எடுத்துவிட்டீர்கள்.

"பிள்ளையின்ரை விளையாட்டு. நீ என்னடா பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அக்கா. தேத்தண்ணி இருக்கோ?"

தேத்தண்ணி வந்தது. அதோடு அது முடிந்தது என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன்.

இன்று உங்கள் முதலாவது திவசம். அரியாலையிலிருந்து மாமா வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேரே படத்தடிக்குப் போனார்.

"உது ஆர் பூசினது?"

மகள் என்னைப் பார்த்தாள். 'பிள்ளையின்ரை விளையாட்டு' என்பது எனக்கும் நுனிநாக்கு வரை வந்தது.

"நான்தான் மாமா."

"உனக்கென்ன விசரே? அவளுக்குப் பொட்டோ? வாற சனம் என்ன கதைக்கும்? உது அழியுமோ?"

"ஓம். ஈரத்துணி பட்டாப் போயிடும்."

"அப்ப துடை."

துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். சட்டத்தின் நாலு பக்க மரத்தையும் துடைத்தேன். மூலைகளைத் துடைத்தேன். படத்தைக் கழற்றிப் பின்புறத்தையும் துடைத்து மாட்டினேன். மாமா பார்த்துக்கொண்டே நின்றார். வாழையிலை போட்டுவிட்டதாக மனைவி வந்து கூப்பிட, சாப்பிடப் போய்விட்டார்.

பொட்டு அப்படியே இருக்கிறது, அக்கா. என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவரிடம் வாய் திறந்து சொல்ல ஒரு வசனம் இருந்தது. அலுமாரிக்கு முன்னால் நீங்கள் நின்ற அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய வசனம்.

"இருக்கட்டும் அக்கா, வடிவாய்க் கிடக்கு."