இரும்புக் கை

19 ஏப்ரல் 2009, ஞாயிறு
இன்றும் கோப்பன்ஹேகன் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தோம். வன்னியில் சனத்தின்மேல் செல் குண்டு விழுகிறது, இங்கே நாங்கள் பதாகை பிடிக்கிறோம். வேறென்ன செய்ய?
அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சுவது என் மனுசன் அந்தோனிதாசன்தான். கொதிக்கிற சட்டியைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைத்தார். "அண்ணைக்கு இரும்புக் கை!" என்று பொடியள் கைதட்டினார்கள். மனுசனுக்குத் தலைகால் தெரியாத பெருமை. எனக்கும்தான், சும்மா சொல்லக்கூடாது.

20 ஏப்ரல்
இடது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "இது எப்ப வந்தது?" என்று என்னைக் கேட்கிறார்!

23 ஏப்ரல்
வீட்டு டொக்டர் கையைக் கட்டிவிட்டு, முழங்கைக்குக் கீழே உள்ள வெளிறிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். எக்சிமா என்று நாங்களே முடிவுகட்டிக் களிம்பு பூசுகிற இடம். தோல் பிரிவுக்கு அனுப்புகிறாராம். எத்தனை தரம் அதில் கிள்ளியிருக்கிறேன், ஒருநாளும் 'ஆ' என்றதில்லை. பொறுமைசாலி என்றல்லவா நினைத்தேன்.

6 மே
ஆசுபத்திரியில் டொக்டர் ம்புயி என்றொரு பெண். கொங்கோ நாட்டுக் கின்ஷாசாக்காரி. கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் கையைத் தொட்டார். "தொட்டால் சொல்லுங்கள்." இவர் பேசாமல் இருந்தார். தொட்டுக்கொண்டே இருந்தார், இவர் பேசாமலே இருந்தார். "இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கடைசியில் இவரே கேட்டார்.
லெப்ரா போலிருக்கிறதாம். குட்டநோய். எங்கள் மட்டக்களப்பில் வாவிக்குள் இருக்கிற மாந்தீவு ஆசுபத்திரியின் பெயரைச் சொன்னாலே சனம் வாயைப் பொத்தும். இங்கே இந்தப் பெண் கையுறைகூடப் போடாமல் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கதைக்கிறார்.

13 மே
சோதனையில் உறுதியாகிவிட்டது. முதல் குளிசை டொக்டரின் முன்னாலேயே விழுங்கினார். இன்றிலிருந்தே பரவுவது அடங்கத் தொடங்குமாம். சாப்பாட்டால் தொற்றாதாம், சமைக்கலாமாம். ஒரு குளிசை! மாதாவே, எத்தனை தலைமுறைப் பயம் அது.
கின்ஷாசாவில், டென்மார்க் முழுவதையும்விடக் கூடிய சனம் இருக்கிற அந்த நகரத்தில், சந்தை சந்தையாக, தேவாலயம் தேவாலயமாகப் போய் நோயாளிகளைத் தேடினாராம் டொக்டர். "மருந்து எங்களிடம் இருந்தது. ஆட்கள் ஒளிந்துகொண்டார்கள்" என்றார். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
என்னையும் மகள் கிறிஸ்ரினாவையும் சோதித்தார், ஒன்றுமில்லை. பிறகு இவரைக் கேட்டார்: முன்பு யாரோடு ஒரே அறையில் இருந்தீர்கள்?
அல்பேட். இவரின் கூட்டாளி. கலியாணத்துக்கு முன் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில், புரொண்பியில் இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒரே அறை. அவனுக்குச் சொல்லத்தான் வேண்டுமாம்.

14 மே
அல்பேட்டிடம் சொன்னால் அவன் மனுசி ராசமலருக்குத் தெரியும். ராசமலருக்குத் தெரிந்தால் நாட்டின் அந்தக் கரையில் இருக்கிற எஸ்பியர்க் வரைக்கும் தெரியும். "சொன்னீங்களெண்டால் நான் வீட்டைவிட்டு வெளியிலை இறங்கமாட்டன்" என்று கத்தினேன். குளியலறைக்குப் போனவர் அலறிக்கொண்டு வந்தார், மூத்திரம் சிவப்பாம். மருந்தின் நிறம் என்று டொக்டர் சொன்னதை மறந்துவிட்டார். அழுகைக்குள்ளும் சிரித்தோம்.

18 மே
சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். தொலைக்காட்சியைப் பார்க்கவும் முடியவில்லை, நிற்பாட்டவும் முடியவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் இருந்த என் தங்கச்சியின் தொலைபேசிக்குப் பதிலில்லை.
இவர் எழும்பிச் சட்டை போட்டார். "அங்கை ஒருத்தரையும் காப்பாத்தேலாமல் போச்சுது, செலீனா. அல்பேட் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறான்."
நான் மறிக்கவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்த ஆளா இது?

24 மே, ஞாயிறு
ராசமலர் அன்றைக்கே கதவைச் சாத்திவிட்டா. நினைத்தபடியே ஊருக்கும் சொல்லிவிட்டா. செத்தவர்களுக்கான பூசை முடிந்து இவர் கஞ்சி வைத்தார், ஒருத்தரும் கிட்ட வரவில்லை. நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வந்தது எனக்கு. மூன்று கோப்பையில் கஞ்சி வார்த்தேன். நாங்கள் மூன்று பேரும் இருந்து குடித்தோம். மிச்சத்தைச் சட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

2 யூன்
தங்கச்சி இருக்கிறாள். முகாமில். கர்த்தரே.

10 யூன்
இரண்டாம் மாத மருந்துக்குப் போனோம். டொக்டரின் அறைக்கு வெளியே அல்பேட்டும் ராசமலரும்! அல்பேட்டின் பாதத்தில் ஒரு வெளிறிய இடமாம். இப்பவே வந்ததால் கால் தப்புமாம். ராசமலர் எழும்பி வந்தா. இவரின் இடது கையைப் பிடித்து, குனிந்து அதில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதா.
திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "என்ன, உங்களுக்கும் அழுகை வந்துதோ?"
"அவ என்ரை கையைப் பிடிச்சது எனக்குத் தெரியேல்லை" என்றார். "குனிஞ்சு பாத்துத்தான் கண்டனான். கை நனைஞ்சிருந்தது."