கணவரின் கையெழுத்து

என் அன்பான பாக்கியம் அக்கா,

ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை. எனக்குக் கோபம். எங்கள் கிராமச் சங்கத் தலைவரின் மேல், அவருக்குத் தலையாட்டிய ஊரின் மேல், என் மேல். உண்மையைச் சொன்னால் உங்கள் மேலும் கொஞ்சம்.

புதுக்குடியிருப்பில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த நெற்களஞ்சியத்தை, அடி தாங்காமல் ஓடிவரும் பெண்கள் தங்கும் வீடாக மாற்ற அரசாங்கப் பணம் கிடைத்தது. போர்த்தடையால் சீமெந்தை வன்னிக்குள் விடவில்லை என்பதால் களிமண்ணால் நான்கு அறைகள் தடுத்தோம். வேலை முடியும் நேரம் தலைவர் கூட்டத்தில் எழும்பினார்.

"இது பொதுக் காசு, பிள்ளை. புருசன்ர கையெழுத்து இல்லாமல் ஒருத்தியையும் உள்ள எடுக்கேலாது. நாளைக்கு ஆரின்ரையோ பெண்சாதியைக் கடத்தி வைச்சிருக்கிறம் எண்டு கதை வரும்."

அடிக்கிறவனிடமே அனுமதி கேட்கும் ஒழுங்கு. ஒருவரும் மறுக்கவில்லை. விண்ணப்பத்தாளில் 'கணவரின் கையெழுத்து' என்று கோடு போட்டு எழுதியவள் சங்கத்தின் எழுதுவினைஞரான நான்தான்.

முதலில் வந்தவர் நீங்கள். விசுவமடுவிலிருந்து நடந்தே வந்திருந்தீர்கள். ஒரு கண் திறக்கவே இல்லை. கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டுத் தாளை நீட்டினேன்.

"அவரிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ அக்கா. மற்றதெல்லாம் நான் பாக்கிறன்."

"அவரு போடுவாரா தங்கச்சி?"

கையெழுத்துக்குக் கோடு போட்ட இடத்தைத் தொட்டுக் காட்டினேன். "சரி, கேட்டுப் பாக்குறேன்" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டீர்கள். ஏன் அக்கா எடுத்தீர்கள்? என் முகத்தில் எறிந்திருக்கக் கூடாதா?

மூன்றாம் நாள் உங்களைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள். கால் வழுக்கிவிட்டதாம். செத்த வீட்டில் உங்கள் புருஷன்தான் எல்லோரையும் விட உரக்க அழுதான். தலைவர் அவன் தோளைத் தடவிக்கொண்டு நின்றார். மலையகத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கி வளர்ந்த கால், வன்னியின் சமதரையில் வழுக்குமா?

அதன்பிறகு ஒருத்தியும் வரவில்லை. எப்படி வருவார்கள்? போன கிழமை தலைவர் சொல்கிறார்: "பாத்தீரே பிள்ளை, ஆறு மாதமாய் ஒரு சனம் வரேல்லை. எங்கட பக்கம் உந்தப் பிரச்சினை இல்லை. சங்கத்தின்ர சாமான் அடுக்கவாவது உந்த அறையள் உதவட்டும்." நாளைய கூட்டத்தில் முடிவு. அதுவரை யாரும் தங்காவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும்.

இன்று காலை முள்ளிவாய்க்காலிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. மற்றக் கை முறிந்து வீங்கியிருந்தது. கையெழுத்துக் கதை அவளுக்கும் எட்டியிருந்தது.

"அவர் வைக்கமாட்டார். அப்ப நான் போகட்டோ?"

"இரும் பிள்ளை," என்றேன். உள் அறையில் பாய் விரித்துக் கொடுத்தேன். அவளுடைய தாளில், கணவர் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில், உங்கள் பெயரை எழுதினேன்.

நாளை அதைத் தலைவரின் முன்னால் வைப்பேன். இது யார் என்று கேட்பார். சபை முழுவதும் கேட்கச் சொல்வேன் அக்கா, நீங்கள் யார் என்றும், உங்களைத் திருப்பி அனுப்பியது யார் என்றும். வேலை போனால் போகட்டும். இனி அந்த வாசலுக்கு வருகிற எவளையும் நான் திருப்பி அனுப்பமாட்டேன்.

உங்களைச் சாக அனுப்பிய தங்கச்சி,
மலர்