ஞாயிற்றுக்கிழமைப் பால்

7 ஜூலை 2024, ஞாயிறு
வாராவாரம் போடும் எலும்பு மாத்திரை போட்டாயிற்று. வீட்டுக்காரர் வழக்கம்போல இருட்டோடு எழுந்து, செவலைப் பசுவைக் கறந்து, காய்ச்சி, ஆற்றி நீட்டினார். "நொரை அடங்கறதுக்குள்ள குடி. எலும்புக்கு இதவிட இன்னா வோணும்?" முடக்குவாதத்துக்கு வருஷக்கணக்கில் தின்ற ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிட்டது என்று இந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த நாளாக ஒரு வாரம் தவறவில்லை. மாத்திரையும் சரி, பாலும் சரி.

16 ஜூலை, செவ்வாய்
ஈரத்துணி வாளியைத் தூக்கினேன். முதுகில் மளுக்கென்றது. பாகூரிலிருந்து ஆட்டோவில் பாண்டிக்கு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போனது.

முதுகெலும்பில் ஒன்று நொறுங்கிப்போச்சாம். டாக்டர் கேட்டார், "மாத்திரைய எதுல போடுறீங்கம்மா?" பாலில்தான் என்றேன், பெருமையாகவே. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பாலோட போட்டா அந்த மருந்து ஒடம்புல சேராதும்மா. வெறும் தண்ணியில போட்டு, அரைமணி நேரம் எதுவும் சாப்புடாம, படுக்காம இருக்கணும்."

அப்போ இத்தனை நாள் போட்டதெல்லாம்?

வெறும் வயிற்றில் என்று அன்றைக்கும் சொன்னார்கள்தான். பாலைச் சாப்பாடு என்று யார் நினைத்தோம்?

இட்லிப் பொட்டலத்தோடு வந்த வீட்டுக்காரர், "இன்னா சொன்னாரு?" என்றார். வெயிட் தூக்கக்கூடாதாம் என்றேன். அவ்வளவுதான். இந்த மனுஷன் கையால் கொடுத்த பாலே என் முதுகைக் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் செத்தே போவார்.

21 ஜூலை, ஞாயிறு
அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் தண்ணீரில் போட்டுக்கொண்டேன். பால் வந்தது. "ஆறட்டும்." "எப்பவும் சூடாத்தானடி குடிப்ப?" நொறுங்கிய முதுகோடு அரைமணி நேரம் நிமிர்ந்து உட்காருவது இருக்கிறதே — ஐயோ.

11 ஆகஸ்ட், ஞாயிறு
இன்றும் ஆடை கட்டிய பால். "செவல பாலு ருசி மாறிப்போச்சா?" என்று கேட்டார். அழுகை வந்தது. வலி என்று சொல்லிவிட்டேன்.

30 ஆகஸ்ட், வெள்ளி
என்னால் பஸ் ஏற முடியாது. மாத்திரை வாங்க அவரே போனார். திரும்பி வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. மாட்டுக்கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மருந்து கொடுக்கிற பெண் எல்லாம் சொல்லியிருப்பாள். வேறென்ன?

1 செப்டம்பர், ஞாயிறு
மாத்திரையும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.
"தெரிஞ்சிதான இருந்த?"
"ம்."
"ஏண்டி சொல்லல?"
மாத்திரையை எடுத்து விழுங்கினேன். சற்றுத் தள்ளி உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி ஆனதும், "இப்பக் குடிக்கலாங்க, பால் கொண்டாங்க" என்றேன்.
"கறக்கல. கன்னுக்கே வுட்டுட்டேன்."
"நாளைக்காவது குடுங்க. உங்க கையால குடிச்சாத்தான் எனக்கு ஆவும்."
துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்னால் எழுந்துபோய்த் தொடக்கூட முடியவில்லை, பாழாய்ப்போன முதுகு.

6 அக்டோபர், ஞாயிறு
மாத்திரை, தண்ணீர், அரைமணி நேரம். பிறகு எனக்குப் பால், பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இப்போதெல்லாம் கடுங்காப்பிதான் குடிக்கிறார். கேட்டால், "பாலு புடிக்கல" என்கிறார்.